ஆறாவது இடம்

யஷ்வந்த்பூர், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்பு சுப்பு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டாதே, விடைத்தாள் திருத்தும் நேரம். கூடலூரில் மழை விட்டதா? இங்கே தினமும் நாலு மணிக்கு மேல் கொட்டுகிறது, கூடவே கரண்டும் போய்விடுகிறது.

இந்த வருஷம் புரதங்களைக் கணினியில் காட்டும் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பைமால் என்றொரு மென்பொருள். 4எச்எச்பி என்ற குறியீட்டைத் தட்டினால் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் திரையில் வந்து நிற்கிறது. மவுஸை இழுத்தால் திரும்புகிறது. அதன் நாலு அமினோ அமிலச் சங்கிலிகளையும் ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே போனால், கடைசியில் தட்டையாக, ஆக்சிஜனைப் பிடிக்கும் ஒரு ஹீம், அதன் நடுவில் ஒற்றை இரும்பு அணு. மேற்பரப்பு முழுவதையும் காட்டச் சொன்னால் என் லேப்டாப் மிக்ஸி மாதிரி கத்துகிறது. கென்ட்ரூ என்ற விஞ்ஞானி தசைப் புரதமான மயோகுளோபினின் மாதிரியைக் கம்பிக் காட்டுக்குள் கையால் கட்டிய காலத்தை நினைத்தால் நான் குறை சொல்லக்கூடாது.

உன் ஆய்வகத்தில், சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் அரிவாள் செல் நோயைப் பார்க்கிறாய் அல்லவா, அதைத்தான் போன வாரம் செய்து பார்த்தேன். பீட்டா சங்கிலியில் 6-ஆவது இடத்தில் இருக்கும் குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு, அந்த நோயில் இருப்பதுபோல் வேலின் என்ற இன்னொன்றை வைத்தேன். பக்கத்து அணுக்களோடு இடித்தால் சிவப்பு வட்டுகள் தோன்றும். ஒன்றுகூடத் தோன்றவில்லை. அந்த இடம் வெளிப்பக்கம், யாரையும் இடிக்காது. மூலக்கூறு அப்படியே இருக்கிறது, இதில் என்னடா நோய் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் அரிவாள் செல் ஹீமோகுளோபினின் கட்டமைப்பான 2எச்பிஎஸ்ஸைத் திறந்தேன். அதில் இரண்டு மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் வேலின் மற்றதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீருக்கு ஒவ்வாத வேலினுக்கு அதே குணமுள்ள ஃபீனைல்அலனினும் லியூசினும் இடம் கொடுக்கின்றன. ஆக்சிஜன் போன பிறகுதான் அந்தப் பள்ளம் வாகாக அமைகிறது. ஒன்றோடு ஒன்று கோத்து நீள இழையாகி, செல்லை உள்ளிருந்து வளைக்கிறது. தனி மூலக்கூறை எத்தனை சுற்று திருப்பினாலும் இது தெரிந்திருக்காது.

ராமச்சந்திரன் வரைபடம் நினைவிருக்கிறதா? புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டுமே, அந்தக் கோணங்களை ஃபை, சை என்று பரீட்சைக்கு நெட்டுருப் போட்டோமே. 1963-இல் சென்னையில் அவரும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் போட்டது. பிற்பாடு ராமச்சந்திரன் இந்த ஊருக்கு வந்து இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர்இயற்பியல் துறையைத் தொடங்கினார். தினமும் அந்த வாசல் வழியாகத்தான் பஸ்ஸில் போகிறேன். இன்றும் புதிதாக ஒரு புரத மாதிரியைக் கட்டினால் அது சரியா என்று பார்க்க அந்த வரைபடத்தில்தான் புள்ளி வைக்கிறார்கள்.

ஒரு அசட்டுத்தனமும் நடந்தது. ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணித்த ஒரு புரத வடிவத்தைத் திரையில் போட்டு, இதோ மருந்து உட்காரத் தோதான குழி என்று கால்மணி நேரம் விளக்கினேன். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து, "சார், அது ஆரஞ்சு கலரில் இருக்கே?" என்றாள். ஆரஞ்சு என்றால் கணிப்பின் நம்பகம் நூற்றுக்கு 50-க்கும் கீழே. இல்லாத குழிக்கு நான் மருந்து தேடியிருக்கிறேன். காபி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

ஒரு உதவி. அரிவாள் செல் ஸ்லைடு ஒன்றைப் போனில் படம் எடுத்து அனுப்பு. நோயாளியின் பெயரோ எண்ணோ தெரியவேண்டாம். முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வகுப்பில் மவுஸைத் தொடுவேன்.

தீபாவளிக்கு வரும்போது அரைக்கிலோ டீத்தூள் மறக்காதே. இங்கே கிடைப்பதில் ருசியே இல்லை.

உன்,
கண்ணன்