சின்னமனூர்ல எறங்காம போனவன் எழுதறது

மாப்ள,

நம்ம கூட்டாளி கொக்கு இந்நேரம் போட்டுக் குடுத்துருப்பான்னு தெரியும். ஆமா, சின்னமனூர் வந்தேன், உன் தெருமுனைக் கடைல டீயும் குடிச்சேன், உன்னப் பாக்காமத்தான் மலை ஏறினேன். திட்டு, ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டு. போன்ல சொன்னா பாதிலயே சிரிச்சி வெச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

வீட்ல எல்லாரும் சொகம். அவளுக்கு முட்டு வலி அப்படியேதான் இருக்கு. இங்க உச்சிப்புளிப் பக்கம் மழை பரவால்ல, கண்மாய்ல பாதி தண்ணி, பாதி கருவை.

விஷயம் பாப்பாவோட எம்எஸ்சி ப்ராஜெக்ட். மண்டபம் கூப்புடு தூரம், கடல்ல எதாச்சும் பண்ணு, வீட்டுச் சோறு திங்கலாம்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன், கேக்கல. ஓடைப் பூச்சிதானாம், அதுலயும் ஸ்டோன்ஃபிளையாம். ஞாபகம் இருக்கா? இருக்காம எங்க போகும், காலேஜ் லேப்ல அதுக்கு மூணு வால் போட்ட மன்னனாச்சே நீ. அந்த லேப் அண்ணன் மூஞ்சி இன்னும் கண்ணுல நிக்குது.

மேகமலைல பாரஸ்ட் பர்மிஷனோட அவங்க டீம் போச்சு, கூட பெரியவங்க ஒருத்தர் வரணும்னாங்க, ரிட்டயர்டு வாத்தியார் சும்மாதான கெடக்காருன்னு என்னைய இழுத்துட்டுப் போய்ட்டா. உங்க ஊர்ல ஜீப் நின்னப்ப மணி நாலரை. அந்நேரத்துல கதவத் தட்டினா தங்கச்சி என்ன சொல்லும்னு நெனச்சேன், அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல.

மாப்ள, 28 வருஷம் இந்த ஸ்டோன்ஃபிளை வகைய ப்ளெகாப்டெரான்னு போர்டுல எழுதிப் போட்டவன் நான், உயிரோட பாத்தது அன்னைக்குத்தான். ஓடைத் தண்ணில கால வெச்சா எலும்பு வரைக்கும் ஏறுது. பாறைல தண்ணி மோதி வெள்ளையா நுரைச்சிட்டு எறங்குற எடத்துல பாப்பா ஒரு கல்லப் புரட்டினா, அடில பழுப்பும் மஞ்சளுமா தட்டையா ஒண்ணு நண்டு மாதிரி பக்கவாட்டுல ஓடுது. நியோபெர்லான்னு அவ கைடு சொன்னாங்க, நம்ம தெக்கத்தி மலைகள்ல இருக்கிற சாதி. ரெண்டே வாலு. காலுக்கு ரெண்டு நகம், செவுள் நெஞ்சுக்கு அடில குஞ்சம் மாதிரி. அதே மாதிரி இருக்கிற இன்னொரு ஓடைப் பூச்சி மேஃபிளைக்குன்னா செவுள் வயித்துல, நகம் ஒண்ணு, வாலு பெரும்பாலும் உன் கணக்குதான், மூணு.

ஆனா அந்த ஒரே ஓடைல கூட எல்லா எடத்துலயும் இல்லடா. நூறு அடி கீழ தண்ணி தேங்கி நிக்கிற கசத்துல ஒண்ணு இல்ல. ரோடு வெட்டின மண்ணு சரிஞ்சி கல்லுக்கு அடில அடைச்சிட்ட எடத்துலயும் இல்ல, அதுக்கு ஒளியவும் எர புடிக்கவும் கல்லுச் சந்து வேணும்ல. மரம் போயி வெயில் நேரா தண்ணில விழற எடத்துல மதியம் வரைக்கும் தேடினோம், ம்ஹூம்.

இதுல ஒண்ணு நடந்துச்சு. ஒரு பூச்சிய வெள்ளத் தட்டுல தண்ணியோட விட்டு பாறை மேல வெச்சிட்டு போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. வெயில்ல தட்டு சூடாச்சு போல, கொஞ்ச நேரத்துல அது ஆறு காலையும் ஊனிக்கிட்டு ஒடம்பத் தூக்கித் தூக்கி எறக்குது. தண்டால் எடுக்குதுடான்னு நான் சிரிச்சேன். பாப்பா சிரிக்கல. மூச்சு வாங்குதுப்பா, ஆக்ஸிஜன் கம்மியாயிடுச்சு, செவுள்ல தண்ணி படறதுக்காக அப்படிப் பண்ணுதுன்னு சொல்லி ஓடைத் தண்ணிய மொண்டு ஊத்தினா, நின்னுடுச்சு. எனக்கு 2021 வைகாசி வந்து நின்னுச்சு மாப்ள. அப்பா ஒடம்பு அப்படித்தான் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. தேனிலருந்து நீ சிலிண்டர வண்டில போட்டுட்டு ராத்திரியோட ராத்திரியா வந்தியே. அப்படிப்பட்டவன் வீட்டுக் கதவத் தட்டாம போயிருக்கேன். சரி விடு.

அதுக்கப்பறம் இதே நெனப்புதான். கடல் மட்டத்துல 20 டிகிரி தண்ணின்னா லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரில ஏழரைதான் நிக்கும். மலைல காத்தழுத்தம் கம்மி, இன்னும் கொஞ்சம் கொறையும், தண்ணி குளுந்து நுரைச்சி விழறதாலதான் அதுங்க பொழைக்குது. றெக்கை மொளச்சாலும் பெருசா பறக்கத் தெரியாது, கொஞ்ச நாள் கரையோரம் திரிஞ்சி முட்டை போட்டுட்டு செத்துரும். நம்ம தனுஷ்கோடிப் பக்கம் ஐப்பசில கூட்டமா வருமே மஞ்சத் தும்பி, அது மழைக் குட்டைல ரெண்டு மாசத்துக்குள்ள வளந்து மாலத்தீவு வழியா ஆப்பிரிக்கா வரைக்கும் போறதா சொல்றாங்க. இதுக்கு அடுத்த பள்ளத்தாக்கே வெளிநாடு. ஓடை சுட்டுப்போச்சுன்னா மேல மேல ஏறணும், எம்புட்டு தூரந்தான் ஏறும், ஓடை மொதக் கல்லுல முடிஞ்சிரும்ல.

இப்ப நெசமாவே எழுத வந்தது. உன் தோப்பு ஓரத்து ஓடைக் கரைல நிக்கிற மருத மரமெல்லாம் வெல பேசிட்டியாம், கொக்கு ஒன்னையும்தான் போட்டுக் குடுத்தான். கோவப்படாத. அவ்ளோ கீழ அந்தப் பூச்சி இருக்கும்னு நான் அடிச்சிச் சொல்லல. உனக்கு கடன் இருக்கு, மகன் பீஸ் இருக்கு, பென்ஷன் வாங்குறவன் யோசன சொல்றது ஈசி. ஆனா அந்தத் தண்ணி வைகைல சேந்து, 258 கிலோமீட்டர் ஆத்துல கடைசியா இங்க ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வரணும், மிச்சம் மீதி ஆத்தங்கரைல கடல்ல விழணும். இங்க ஊத்து தோண்டி செரட்டைல மொண்டு குடிச்சி வளந்தவன் கேக்குறேன், ஒரு மாசம் பொறு.

மாசிக் கடைசில வர்றேன். பாப்பாகிட்ட வெள்ளத் தட்டும் தெர்மாமீட்டரும் வாங்கிட்டு வர்றேன், ரெண்டு பேரும் எறங்கி ஓடைல கல்லப் புரட்டிப் பாப்போம், ஒண்ணுமே இல்லன்னா நீ வெட்டு, நான் வாயத் தொறக்க மாட்டேன். நெத்திலிக் கருவாடு ரெண்டு கிலோ எடுத்து வெச்சாச்சு, தங்கச்சிகிட்ட சொல்லிரு.

பஸ்சு நாலரைக்குத்தான் வரும். கதவத் தொற.

உன்
உச்சிப்புளியான்