ஞாயிறு சாயங்காலம் சிலந்தி படம் எடுக்கிறோம்

பெருமாள்புரம் குழு உறவுகளுக்கு வணக்கம். போன வாரம் எங்க மீட்டர் பெட்டிக்கு அடியில் முள்ளுமுள்ளா ஒரு முட்டைப் பை. பக்கத்துலேயே தலைகீழா தொங்கின சிலந்தி வயித்துல ஆரஞ்சு நிறத்தில் உடுக்கை வடிவம்! பழுப்பு விதவைச் சிலந்தி, விஷமுள்ளது. தெருவில் வேற எங்கெல்லாம் இருக்குன்னு படம் எடுத்து வைக்கணும்.

வரும் ஞாயிறு, சாயங்காலம் 6.30, தெருமுனை வேப்பமரத்தடி.

1. செல்போன் போதும். ஒரு முழம் தள்ளி நின்னு ஜூம் பண்ணுங்க.
2. ஷூ, டார்ச் கட்டாயம். டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடிச்சா புல்லில் ஓநாய்ச் சிலந்திக் கண் பச்சையா மின்னும், பிள்ளைகளுக்குக் காட்டுங்க.
3. பூந்தொட்டி அடியிலோ இடுக்கிலோ விரல் விடவே கூடாது.
4. கடிச்சுட்டா சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, உடனே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
5. தயவுசெய்து யாரும் மருந்து அடிச்சுக் கொன்னுடாதீங்க.

வர்றவங்க வெள்ளிக்குள் பேர் போடுங்க, பிள்ளைகள் எத்தனைன்னும் சேர்த்து.