ஜாம் காய்ச்சினால் நட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் ஜாம் காய்ச்சுவது வீண்செலவு, சீனி விற்கிற விலைக்குக் கடையில் ஒரு போத்தல் வாங்குவதே மலிவு என்று வவுனியாவிலிருந்து ஒரு தாயார் உங்கள் வாசகர் பகுதியில் எழுதியிருந்தார். அவர் கணக்கில் பிழை இல்லை. சந்தையில் நல்ல விலைக்குப் போகிற மாம்பழத்தை வாங்கி, ஜாமை இறுக வைக்கிற பெக்டின் தூளுக்குக் கொழும்புக்கு ஆள் சொல்லி அனுப்பி, காஸ் அடுப்பில் மணித்தியாலக்கணக்காகக் கிண்டினால் நட்டம்தான். வன்னியில் இருந்துகொண்டு ஏன் அப்படிக் காய்ச்ச வேண்டும்?

நான் முள்ளியவளையில் இருக்கிறேன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத் தோட்டக்காரர் பலர் அந்த ஓட்டத்திலேயே பழக்கமானவர்கள். அதில் சிலர் ரெட் லேடி என்ற இனப் பப்பாசி செய்கிறார்கள். லொறியில் வருகிற வியாபாரி அளவு பார்த்து, தோலில் கீறல் பார்த்துக் கழித்துவிட்டுப் போனவை வரம்போரம் குவிந்து கிடக்கும். மாட்டுக்குப் போகிற அந்தப் பழத்தில் ஒரு உரப்பை நிறையக் கட்டித் தருவார்கள். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள், ஆனால் காய்ச்சிய பிறகு ஒரு போத்தல் கேட்டு வாங்காமலும் விட மாட்டார்கள்.

எனவே பழத்தின் விலையை விடுவோம். செலவு சீனியில் இருக்கிறது. ஒரு கிலோ பப்பாசிக் கூழுக்கு நான் போடுவது 750 கிராம் சீனி, இரண்டு தேசிக்காயின் புளி. இதில் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ ஜாம் இறங்கும், 400 கிராம் போத்தல் மூன்று நிறையும். அந்தத் தாயார் இன்றைய விலையில் முக்கால் கிலோ சீனியையும், கடையில் மூன்று ஜாம் போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று சீனியை அரைக் கிலோவுக்குக் கீழே இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது தப்பு மிச்சம். ஜாமில் சீனி இனிப்புக்கு மட்டும் போடுவதில்லை. முடிந்த ஜாமில் நூற்றுக்கு 65 பங்கு சீனி நின்றால்தான் பூஞ்சணம் கிட்ட வராது. குறைத்துக் காய்ச்சினால் ஒரு கிழமைக்குள் தின்று முடிக்க வேண்டும், அல்லது குளிர்சாதனப் பெட்டி வேண்டும். மாரிகாலத்தில் வெளியே வைத்தால் அந்த ஒரு கிழமையும் தாங்காது. தேசிப்புளியையும் விடக்கூடாது. பப்பாசியில் இயல்பாகப் புளிப்பு மிகக் குறைவு, புளிப்பு இல்லாமல் ஜாம் இறுகாது, நாள்படவும் இராது.

இனிப் பெக்டின் கதை. அந்தத் தூள் எங்களுக்குத் தேவையே இல்லை. கொய்யாவில் அது நிறைய உண்டு, அதுவும் செங்காயாக இருக்கும்போது இன்னும் கூட. மீளக்குடியேறிய காலத்தில் நட்ட கொய்யா இன்று எத்தனையோ வளவுகளில் காய்த்துக் கொட்டுகிறது, பாதியை வௌவால் தின்கிறது. நாலைந்து செங்காயை வெட்டி, மூழ்கத் தண்ணீர் விட்டு அவித்து, அரிதட்டில் தேய்த்தால் விதை மேலே நிற்கும், கூழ் கீழே இறங்கும். அதைப் பப்பாசியோடு கலந்துவிடுங்கள். கொய்யா கிடைக்காவிட்டால், பிழிந்த தேசிக்காயின் விதையையும் உள் வெள்ளைத் தோலையும் வெள்ளைத் துணியில் முடிந்து கூழுக்குள் போட்டு அவித்து, சீனி போட முன் எடுத்துவிடலாம். கொஞ்சம் கைக்கும் என்பார்கள், எனக்கு அந்தக் கைப்புப் பிடிக்கும்.

அடுப்பு விஷயத்தில் என் மனைவிக்கும் எனக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை. 2022இல் காஸ் இல்லாமல் கிடந்தபோது விறகுக்கு மாறினோம். அவள் திரும்பக் காஸுக்குப் போய்விட்டாள், நான் ஜாமுக்கு மட்டும் பின்வளவு அடுப்பை விடவில்லை. சோறு வடித்த பிறகு கிடக்கிற தணலில் பழம் மெதுவாக அவியட்டும், அதற்குப் பொச்சுமட்டை காணும். சீனி போட்ட பிறகு மட்டும் தென்னம்பாளையைச் செருகி நெருப்பைக் கொழுந்துவிட்டு எரிய விட வேண்டும். மெல்லிய நெருப்பில் நேரம் இழுத்தால் பெக்டின் கெட்டுப்போகும், நிறமும் கறுக்கும். அகலமான சில்வர் சட்டி நல்லது, அலுமினியச் சட்டியில் புளி சேர்ந்த பழம் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் போடாதீர்கள், அதிகம் போட்டால் கொதி ஏறவே நேரம் போகும். பதம் பார்க்க வெப்பமானி எதற்கு? குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டு ஆறிய பிறகு விரலால் தள்ளுங்கள், மேல் ஆடை சுருங்கினால் இறக்கலாம்.

போத்தல், மூடி இரண்டையும் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, சூடாக இருக்கும்போதே நிரப்பி மூட வேண்டும். பழைய ஜாம் போத்தல் போதும், துருப்பிடித்த மூடி மட்டும் ஆகாது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெண்களுக்குச் சுயதொழில் பயிற்சி என்று ஒரு நிறுவனம் ஜாம் காய்ச்சப் பழக்கியது. நடந்தது மார்கழி மழையில். ரவுணிலிருந்து அன்னாசி வந்தது, எசென்சும் சிவப்புச் சாயமும் வந்தன, கடைசியில் சான்றிதழும் வந்தது. அந்தச் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும் வீடுகளை எனக்குத் தெரியும், ஜாம் காய்ச்சுகிற வீட்டைத்தான் காணோம். அன்னாசிக்கும் எசென்சுக்கும் போன காசில் நல்ல மூடியோடு இருபது போத்தலும் ஒரு அரிதட்டும் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருந்தால் பப்பாசியை அவர்களே தேடியிருப்பார்கள். போத்தல்தான் எங்களுக்குக் கிடைக்காத சாமான், பழம் இல்லை.

பாலைப்பழத்தைப் பற்றியும் யாராவது எழுத மாட்டார்களா என்று பார்க்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோவில் வைகாசிப் பொங்கல் முடிந்த கையோடு காட்டில் பாலை பழுக்கத் தொடங்கும். கரடிக்குப் பயந்து பயந்து பொறுக்கி வந்த பழத்தை அவித்துப் பிழிந்து, வடித்து வற்றக் காய்ச்சி, அந்தக் காலத்தில் பாணி எடுத்தார்கள். ஒரு கரண்டி சீனி கிடையாது. இன்று அந்தப் பக்குவம் தெரிந்த கிழவிகளைத் தேடித்தான் போக வேண்டும்.

உங்களிடம் கேட்பது இதுதான்: சமையல் பக்கத்தில் ஸ்ட்ரோபெரி ஜாம் போடுகிற இடத்தில் எங்கள் மரங்களின் பருவம் பார்த்துப் போடுங்கள். ஆவணியில் விளாம்பழம் விழத் தொடங்கும். அதில் புளிப்பும் பெக்டினும் தாராளம், தேசிப்புளிகூடத் தேவையில்லை, வடித்த கூழுக்குச் சரிக்குச் சரி சீனி போதும். சீனிக்குப் பதில் பனங்கட்டி போட்டால் ருசி வேறு, ஆனால் விலை சீனியைத் தாண்டும். ஆடி முடிவதற்குள் அந்தக் குறிப்பு வந்தால் யானை முந்துவதற்குள் நாங்கள் பொறுக்கிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் சாரதி,
முள்ளியவளை