மூன்றடித் தொட்டிக்கு எந்தெந்த மீன்?

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் கடல்நீர்ப் பவளத் தொட்டியில், மீன் கழிவால் வரும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது என்றால் மீன் விட ஆரம்பிக்கலாம். ஆனால் நீ எழுதியனுப்பிய பட்டியலில் பாதிக்கு மேல் அடிக்க வேண்டும்.

மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம். கணக்குக்கு 190 லிட்டர் வரும். பாறையும் மணலும் போக 150 லிட்டர்தான் தண்ணீர். அதைவிட, பாறையில் எத்தனை பொந்து இருக்கிறது என்று பார். இந்த மீன்கள் பெரும்பாலும் இடத்துக்குத்தான் அடித்துக்கொள்ளும். கடலில் துரத்தப்பட்ட மீன் ஓடிவிடும். உன் தொட்டியில் மூன்றடி தாண்டினால் கண்ணாடி. அதனால் ஒரே மட்டத்தில் வாழ்கிற, உடல்வாகிலும் தீனியிலும் ஒத்த இரண்டு ஜாதி வேண்டாம். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, பாறை இடுக்கில் ஒன்று, மணலில் ஒன்று என்று பிரித்துக்கொள்.

முதலில் அடிக்க வேண்டியவை. ப்ளூ டாங்க் கடையில் இரண்டு அங்குலம் இருக்கும், வளர்ந்தால் ஓரடி. மாண்டரின் நாள் முழுக்கப் பாறையில் கோப்பிபாடு என்கிற பொடி உயிரைப் பொறுக்கித் தின்கிற மீன். புதுத் தொட்டியில் அது சீக்கிரம் தீர்ந்து, மீன் வயிறு ஒட்டிச் சாகும். சிக்ஸ்லைன் ராஸ் முதலில் சாதுவாகத்தான் இருக்கும். தொட்டி தன்னுடையது என்று ஆனபின், அடுத்து வருகிற ஒவ்வொரு மீனையும் விரட்டும். டாமினோ டாம்சலை ‘தொட்டி பழகட்டும், முதலில் இதை விடுங்க’ என்று கடைக்காரர் தலையில் கட்டப் பார்ப்பார். வாங்காதே. பிறகு அதைப் பிடிக்கப் பாறையெல்லாம் பிரிக்க வேண்டியிருக்கும்.

மிச்சம் இருப்பதில் நான் தேர்ந்தெடுப்பது ஐந்து மீன். ஆசெல்லாரிஸ் க்ளவுன் ஜோடி, ஃபயர்ஃபிஷ் ஒன்று, யெல்லோ வாட்ச்மேன் கோபி ஒன்று, ராயல் கிராமா ஒன்று.

க்ளவுனில் சிறுசாக, ஒன்று பெரிது ஒன்று சின்னது என்று எடு. குஞ்சுப் பருவத்தில் இரண்டும் பெட்டை ஆகியிருக்காது. பெரிதுதான் பெட்டையாக மாறும். சின்னது அதன் முன்னால் உடம்பை உதறி நடுங்கினால் பணிந்துவிட்டது, ஜோடி சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள். இரண்டு வேறு க்ளவுன் ஜாதிகளைக் கலக்காதே. பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் உள்ள ஆராய்ச்சி மையங்களில் க்ளவுன் குஞ்சு பொரித்து வளர்த்திருக்கிறார்கள். அப்படித் தொட்டியில் பிறந்தது கிடைத்தால் அதையே வாங்கு, தீனிக்கு அடம் பிடிக்காது. க்ளவுன் கடலில் குடியிருப்பது அனிமோன் என்கிற கடல்சாமந்தியில்; அது இல்லாமலே தொட்டியில் நன்றாக வாழும். புதுத் தொட்டியில் அனிமோன் நகர்ந்து போய்ப் பம்பில் சிக்கினால் தண்ணீர் மொத்தமும் கெடும்.

கோபியோடு ஒரு பிஸ்டல் இறாலும் வாங்கு. இறாலுக்குக் கண் மங்கல். அது மணலை வாரி வெளியே கொட்டும்போது ஒரு மீசையைக் கோபியின் மேல் வைத்தபடியே இருக்கும். கோபி வாலை ஒரு சுண்டு சுண்டினால் இரண்டும் வளைக்குள் மறைந்துவிடும். பாறையை மணல்மேல் வைத்திருந்தால் இறால் அடியில் தோண்டி அது சரியும். அடிக்கண்ணாடியிலேயே பாறை உட்கார்ந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடு.

கிராமா வாங்கும்போது ஏமாறாதே. ராயல் டாட்டிபேக்கும் முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள்தான், ஆனால் பெரிய ரவுடி. கிராமாவில் நிறம் மெல்லக் கரைந்து மாறும், முதுகுத் துடுப்பின் முன்பக்கம் ஒரு கருப்புப் பொட்டு இருக்கும். டாட்டிபேக்கில் கோடு போட்டாற்போல் வெட்டு.

விடும் வரிசையும் முக்கியம். பயந்தாங்கொள்ளி ஃபயர்ஃபிஷ் முதலில், பிறகு கோபி, அப்புறம் க்ளவுன் ஜோடி, கடைசியில் கிராமா. நடுவில் மூன்று வாரமாவது இடைவெளி கொடு, கழிவைத் தின்கிற பாக்டீரியா பெருகவேண்டும். ஃபயர்ஃபிஷ் துள்ளிக் குதிக்கும். கால் அங்குலக் கண் உள்ள வலையால் மூடு. கண்ணாடி மூடி போட்டால் நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் இன்னும் சுடும்.

கடையில் கண்முன்னே தீனி போடச் சொல். தின்னாததை வாங்காதே. வாங்கியதும் நேரே தொட்டியில் விடாமல், பிவிசி குழாய்த் துண்டுகள் போட்ட வெறும் 40 லிட்டர் தொட்டியில் நான்கு வாரம் வைத்துப் பார். உப்புத்தூள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி வந்தால் தாமிர மருந்தை அங்கேயே கொடு. பவளத் தொட்டியில் ஊற்றினால் இறாலும் பவளமும் சாகும். நோய் பெரிய தொட்டிக்குள் போய்விட்டால், மீனையெல்லாம் வெளியே எடுத்து 76 நாள் காலியாக விடுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் வழக்கமான கணக்கு.

இன்னொன்று. கல்பவளம் எல்லாமும் கடல்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து யாராவது ‘கல்லு எடுத்துத் தரேன்’ என்றால் வேண்டாம் என்றுவிடு.

பாறை அடுக்கை ஒரு படம் எடுத்து அனுப்பு, பொந்து போதுமா என்று பார்க்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
சேகர்