அந்தக் கோளில் உயிர் இருந்ததா, இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் அறிவியல் செய்திக்கு இடம் தருவதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. குறை ஒன்றும் இருக்கிறது. ஒரு கண்டுபிடிப்பு அறிவிக்கப்படும் நாளில் நான்கு காலம் போடுகிறீர்கள், அப்புறம் அது நிலைத்ததா பொய்த்துப் போனதா என்று ஒரு வரிகூட வருவதில்லை. டாஸில் யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் போட்டுவிட்டு மேட்ச் முடிவைப் போடாத மாதிரி இருக்கிறது.

2025 ஏப்ரலில் வந்த கே2-18பி செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 124 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் கோள், பூமியைவிட எட்டு மடங்குக்கும் மேல் நிறை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவை வைத்து, அதன் காற்றில் டைமெத்தில் சல்பைடோ அதற்கு நெருங்கிய இன்னொரு சேர்மமோ இருப்பதுபோல் தெரிகிறது என்றது. நம் கடலில் இந்த வாயுவுக்குக் காரணம் பெரும்பாலும் மிதந்து திரியும் நுண்ணுயிர்கள், அதனால்தான் அவ்வளவு பரபரப்பு. பேச்சு கண்ணுக்கே தெரியாத கடல் உயிர்களைப் பற்றி, நீங்கள் போட்ட படமோ பெரிய கண் வைத்த பச்சை மனிதன்!

படத்தை விடுங்கள். செய்தியில் '99.7 சதவீதம் உறுதி' என்று இருந்தது, படித்தவர்கள் எல்லாரும் அங்கே உயிர் இருப்பது 99.7 சதவீதம் உறுதி என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். விஷயம் அது இல்லை. கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது, அந்த ஒளியில் மிகச் சிறு பங்கு கோளின் காற்றுக்குள் புகுந்து நம்மிடம் வருகிறது, ஒவ்வொரு வாயுவும் சில அலைநீளங்களை விழுங்கிவிடும், எங்கே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து இன்ன வாயுவாக இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். இந்த வாயுக்கள் இல்லாமலே வெறும் தற்செயலாக அப்படி ஒரு குறைவு தெரிய ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு, மூன்று சிக்மா என்பது இவ்வளவுதான், அதுவும் அவர்கள் போட்ட மாதிரிக் கணக்கு சரியாக இருந்தால். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க ஐந்து சிக்மா வேண்டும், அதாவது தற்செயலுக்குப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இருக்கக் கூடாது. இதை மதுசூதன் குழுவே சொன்னது. அந்த நிலையை எட்ட வெப் தொலைநோக்கியில் இன்னும் 16 முதல் 24 மணி நேரம் தேவைப்படலாம் என்றும் சொன்னது. உங்கள் செய்தியில் விடுபட்டது சரியாக அந்தப் பகுதிதான்.

அதன்பின் சில வாரங்களிலேயே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து வேறு முறையில் கணக்குப் போட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஒருவர் பார்த்தபோது கிட்டத்தட்ட நேர்கோடுதான் தெரிந்தது, குறிப்பிட்ட எந்த வாயுவுக்கும் அழுத்தமான தடயம் இல்லை. சிகாகோவில் ஒரு குழு பழைய தரவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இது போதாது என்றது. போதாக்குறைக்கு, உயிரே இல்லாத 67பி வால்நட்சத்திரத்தில் இதே டைமெத்தில் சல்பைடு இருந்ததாக 2024-லேயே ஓர் ஆய்வு வந்திருந்தது. இதெல்லாம் உங்கள் நாளிதழில் வராததால், வாசகர்களில் பெரும்பாலானோர் இன்னும் அங்கே உயிர் கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்கே-99 கதையும் இப்படித்தான். 2023 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து வந்த அறிவிப்பு: காரீயம், தாமிரம், பாஸ்பரஸ், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு பொருள், கடுங்குளிரில் வைக்காமலே, 127 டிகிரி செல்சியஸ் வரை மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துமாம். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல ஆய்வகங்கள் உடனே செய்து பார்த்தன, ஒன்றும் வரவில்லை. அந்தப் பொருளில் கலந்திருந்த தாமிர சல்பைடு 104 டிகிரிக்கு அருகில் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது, மின்தடை சட்டென்று இறங்கியது அதனால்தான். ஆகஸ்ட் நடுவிலேயே விவகாரம் முடிந்துவிட்டது. முடிந்தது மட்டும் உங்கள் நாளிதழில் வரவில்லை.

விஞ்ஞானிகள் எல்லாரும் அவசரக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை, நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. 2023 ஜூன் 29 அன்று, பிரபஞ்சம் முழுக்க மிக மெதுவான ஈர்ப்பலைகள் (காலவெளியில் எழும் சிற்றலைகள்) பரவியிருப்பதற்கான தடயத்தை உலகின் பல குழுக்கள் ஒரே நாளில் வெளியிட்டன. பல்சர்கள் என்ற, வேகமாகச் சுழலும் இறந்த நட்சத்திரங்கள் அனுப்பும் ரேடியோ துடிப்புகள் வந்து சேரும் நேரத்தைப் பல ஆண்டுகளாக அளந்து, அதில் ஏற்படும் நுண்ணிய முன்பின்னை வைத்துக் கண்ட விஷயம். இதில் புனே பக்கம் உள்ள ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் தரவும் உண்டு, சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அந்தக் கூட்டமைப்பில் இருக்கிறார்கள். ஐரோப்பியர்களும் நம்மவர்களும் சேர்ந்து எட்டியதும் ஏறக்குறைய அதே மூன்று சிக்மாதான். ஆனால் கண்டுபிடித்துவிட்டோம் என்று யாரும் மார்தட்டவில்லை, சான்று இருக்கிறது, இன்னும் தரவு சேர வேண்டும் என்றார்கள். அந்தச் செய்தி உங்களிடம் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது, நம்மூர்க்காரர்களின் பங்கு பற்றிப் பேச்சே இல்லை.

எனக்கு நிஜமாகவே ஆதங்கம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஏப்ரலில் வந்த நைட்ரோபிளாஸ்ட், அதாவது நைட்ரஜனைப் பிடிக்கும் செல் உறுப்பு பற்றி உங்கள் நாளிதழில் நான் எதுவும் படிக்கவில்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன், ஆனால் எந்தச் செடியாலும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது, சில பாக்டீரியாக்கள் போன்ற எளிய செல் உயிர்களால்தான் முடியும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 1998-ல் கலிபோர்னியாவின் ஜொனாதன் செர் குழுவுக்குப் பசிபிக் கடல்நீரில் ஒரு சின்ன டிஎன்ஏ துணுக்கு கிடைத்தது, நைட்ரஜனைப் பிடிக்கும் ஏதோ ஓர் உயிரியுடையது. அது ஒரு கடல் பாசிக்குள் குடியிருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. ஜப்பானில் கியோகோ ஹகினோ என்பவர் அந்தப் பாசியை ஆய்வகத்தில் வளர்க்கப் பத்து வருடத்துக்கும் மேல் போராடினார், கடற்கரை கடற்கரையாகப் போய் முந்நூறு முறைக்கு மேல் தண்ணீர் எடுத்துவந்து! பாசி கிடைத்த பிறகு எக்ஸ் கதிரில் படமெடுத்துப் பார்த்தால், செல் பிரியும்போது உள்ளே இருப்பதும் கூடவே பிரிந்து ஆளுக்கொன்றாகப் போகிறது. அதற்குத் தேவையான புரதங்களில் பாதி அளவு பாசியிடமிருந்தே வருகிறது. ஆக அது இனி விருந்தாளி இல்லை, மைட்டோகாண்ட்ரியா போல, பச்சையம் இருக்கும் குளோரோபிளாஸ்ட் போல, செல்லின் ஒரு உறுப்பாகவே ஆகிவிட்டது, நடந்தது சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன்.

யூரியா தயாரிக்க நானூறு டிகிரிக்கும் மேல் சூடு, கடும் அழுத்தம், நிறைய இயற்கை எரிவாயு வேண்டும். கடலில் ஒரு பாசி அதே நைட்ரஜனைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. நெல்லுக்குள் நாளைக்கே இதை வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதெல்லாம் வெகுதூரம். ஆனாலும் யூரியா மூட்டைக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் காத்து நிற்கிற விவசாயி ஆர்வமாகப் படிக்கக்கூடிய செய்தி இல்லையா இது?

ராத்திரி பத்து மணிக்கு ஏஜென்சி செய்தியை அவசரமாக மொழிபெயர்க்கும் உதவி ஆசிரியரின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பின்தொடர்வதற்கு அந்த அவசரம் கிடையாதே. ஞாயிறு இணைப்பில் மாதம் ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்கி, முன்பு போட்ட செய்திகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதலாம். ஆர்சனிக்கைக் கொண்டே உயிர்வாழும் பாக்டீரியா என்று 2010 டிசம்பரில் உலகமே கொண்டாடிய ஆய்வு, 2012-ல் மற்றவர்கள் சோதித்தபோதே ஆட்டம் கண்டுவிட்டது. எழுதியவர்கள் ஒப்புக்கொள்ளாமலே 'சயின்ஸ்' இதழ் அதை 2025 ஜூலையில் திரும்பப் பெற்றது. அரைப் பக்கத்துக்கு இது ஒன்றே போதும். சந்தேகம் கேட்க ஆளும் இருக்கிறார்கள், தரமணிக்கு ஒரு போன் போட்டால் தமிழிலேயே விளக்கிச் சொல்ல யாராவது கிடைப்பார்கள்.

முதல் மாதம் நைட்ரோபிளாஸ்ட்டோடு ஆரம்பியுங்கள், அந்தப் பாசியின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். பச்சை மனிதன் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை