சாம்பியன் ஓய்வு பெற்ற பின்: மகளுக்கு ஒரு கடிதம்

ராயபுரம்,
சென்னை – 13.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மழை விட்ட பிறகு அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அமெரிக்காவில், லெக்சிங்டனில் குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாயே, விடியற்காலையில் லாயத்துக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓரிரு வார்த்தைகளில் முடிகிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. நீ கவனித்துவரும் அந்த ஆறு வயதுக் குதிரை, காயடிக்கப்பட்டவன், இரண்டு பருவங்களாகப் பெரிய பந்தயங்களில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்துகொண்டிருந்தவன். இப்போது சாம்பியன் ஓய்வு பெற்றுப் இனப்பெருக்கப் பண்ணைக்குப் போய்விட்டதால் அடுத்த ஆண்டு களம் தன் குதிரைக்குத் திறந்துவிட்டது என்று அவனுடைய உரிமையாளர் கணக்குப் போடுகிறார். அவனை இன்னும் ஓர் ஆண்டு ஓடவிடலாம் என்று மருத்துவரான உன் வாயால் ஒரு வார்த்தை எதிர்பார்க்கிறார். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களம் காலியாவது உண்மைதான். ஆனால் அந்தக் காலியிடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அவனுடைய காலைப் பற்றிய உன் தீர்ப்பை நீ ஓர் இம்மியும் தளர்த்தக் கூடாது.

சாம்பியன்கள் ஏன் நான்கு வயதிலேயே போய்விடுகிறார்கள் என்பதை நீ என்னைவிட அருகிலிருந்து பார்க்கிறாய். ஃபிளைட்லைன் என்ற குதிரையை எடுத்துக்கொள். ஓடியதே ஆறு பந்தயங்கள், ஆறிலும் வெற்றி. 2022 செப்டம்பரில் டெல் மாரில் நடந்த பசிபிக் கிளாசிக்கை பத்தொன்பதேகால் லெங்த் (லெங்த் என்றால் ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தில் வென்றான். நவம்பரில் கீன்லாந்தில் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை எட்டேகால் லெங்த் வித்தியாசத்தில் வென்றான். மறுநாளே ஓய்வை அறிவித்துவிட்டார்கள். அடுத்த நாள் அவனுடைய பங்கில் வெறும் இரண்டரை சதவீதம் 46 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தக் கிளாசிக்கில் முதலாவதாக வந்ததற்குக் கிடைத்த பரிசு 31 லட்சத்து 20 ஆயிரம் டாலர். உலகத்தின் மிகப் பெரிய பந்தயங்களில் ஒன்றை வென்ற பணத்தைவிட அவனுடைய நாற்பதில் ஒரு பங்குக்கு விலை கூடுதல். அவனோடு இணைசேர்க்க ஒரு பெட்டைக்கு 2 லட்சம் டாலர் என்று கட்டணம் வைத்தார்கள். ஆண்டுக்கு நூறு பெட்டைகள் என்று குறைத்துப் பார்த்தாலும் 2 கோடி டாலர் வருகிறது. பிப்ரவரி நடுவில் இனப்பெருக்கப் பருவம் தொடங்கிவிடும் என்பதால் நவம்பருக்குமேல் முடிவைத் தள்ளிப்போடவும் வழியில்லை. இந்தக் கணக்கின் முன்னால், ஐந்து வயதிலும் அவன் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட என்னைப் போன்றவர்களின் குரல் எடுபடாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, இன்றும் உண்டு.

ஆனால் சாம்பியன் தனியாகப் போவதில்லை என்பதைத்தான் உன் உரிமையாளர் கவனிக்க வேண்டும். கீன்லாந்தில் அன்று லைஃப் இஸ் குட் என்ற குதிரை முன்னால் பாய்ந்து, வேறு எந்தக் குதிரையும் நெருங்க முடியாத வேகத்தில் ஓடினான். ஃபிளைட்லைன் மட்டும் இரண்டாவதாக அவன் பின்னாலேயே வந்து, கடைசி வளைவில் அனாயாசமாகத் தாண்டிச் சென்றுவிட்டான். மற்றவர்கள் யாரும் துணியாததைத் துணிந்த லைஃப் இஸ் குட் களைத்துப்போய் ஐந்தாவதாக வந்தான். அந்தப் பந்தயத்தோடு அவனும் ஓய்வு பெற்றான். இரண்டாவதாக வந்த ஒலிம்பியாடும் ஓய்வு பெற்றான். அந்த ஆண்டின் சிறந்த மூன்று வயதுக் குதிரையான எபிசென்டர் ஓட்டத்தின் நடுவிலேயே கால் எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு பண்ணைக்குப் போனான். ஒரு மாலைப் பொழுதில் ஒரு பிரிவின் உச்சியே காலியாகிவிட்டது.

அதற்கடுத்த ஆண்டு என்ன நடந்தது என்பதை நான் வரிசையாகக் குறித்துவைத்திருக்கிறேன். 2023 ஜனவரியில் பெகாசஸ் உலகக் கோப்பையை ஆறு வயதான ஆர்ட் கலெக்டர் வென்றான். மார்ச்சில் சாண்டா அனிடா ஹேண்டிகேப்பை, ஃபிளைட்லைன் பிறந்த அதே ஆண்டில் பிறந்த, காயடிக்கப்பட்ட ஸ்டிலெட்டோ பாய் வென்றான். அதே மாதம் துபாய் உலகக் கோப்பையை ஜப்பானிலிருந்து வந்த ஆறு வயது உஷ்பா டெசோரோ தட்டிச் சென்றான். அதுவரை பார்த்தால் உன் உரிமையாளரின் கணக்கு சரிதான். சாம்பியன் இருந்த நாளில் பின்னால் நின்ற வயதான குதிரைகளுக்கு நல்ல காலம் பிறந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் கோடையில் காட்சி மாறியது. சரடோகாவில் விட்னி பந்தயத்தை வென்றவன் நான்கு வயது ஒயிட் அபாரியோ. நவம்பரில் கிளாசிக்கை வென்றவனும் அவனே. முந்தைய ஆண்டு மூன்று வயதுப் பந்தயங்களில் ஓடிக்கொண்டிருந்த குதிரைகள் ஜனவரி முதல் தேதி அன்று நான்கு வயதாகி மூத்தவர்களின் பிரிவுக்குள் வந்துவிடுகிறார்கள். வசந்தத்தில் இன்னும் முழுதாக வளராதவர்களாகத் தெரிகிற அவர்கள், இலையுதிர்காலத்தில் தோளும் பின்காலும் நிறைந்து நிற்பார்கள். வயதானவர்களுக்குத் திறந்த அதே கதவின் வழியாகத்தான் இளையவர்களும் நுழைகிறார்கள். அதோடு, பிரீடர்ஸ் கப் கிளாசிக்கில் அந்தந்த ஆண்டின் மூன்று வயதுக்காரர்களுக்கு 122 பவுண்டு எடைதான்; மூத்தவர்களுக்கு 126. ஏழு வயதாகப்போகும் உன் குதிரை கீழிருந்து வரும் அவர்களுக்கு நான்கு பவுண்டு விட்டுக்கொடுத்துத்தான் ஓட வேண்டும்.

ஓட்டத்தின் வேகமும் மாறிவிடும். ஒரு பெரிய சாம்பியன் இருக்கும்வரை எல்லா ஜாக்கிகளுக்கும் கணக்கு ஒன்றுதான்: அவன் எங்கே இருக்கிறான், நான் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது. அவன் போன பிறகு யாரைப் பார்த்து ஓடுவது என்று யாருக்கும் தெரியாது. சில பந்தயங்கள் முதல் பாதியில் நடைபோட்டு, கடைசி மூன்று ஃபர்லாங்கில் (ஒரு ஃபர்லாங் மைலில் எட்டில் ஒரு பங்கு) வெறும் பாய்ச்சலாக மாறிவிடும்; சிலவற்றில் மூன்று பேர் முன்னால் மோதிக்கொண்டு, பின்னால் வந்தவன் பரிசை வாங்கிக்கொண்டு போவான். ஒரே குதிரை இன்று வென்று, அடுத்த மாதம் ஏழாவதாக வருவான். 2023ஆம் ஆண்டின் சிறந்த குதிரையாகத் தேர்வானவன் கோடீஸ் விஷ். அவன் விட்னியில் ஒன்றேகால் மைலுக்கும் குறைவான தூரத்தில்கூட மூன்றாவதாகத்தான் வந்தான். அவனுடைய அரசாட்சி ஒரு மைல் ஓட்டத்தில். நீண்ட தூரத்தில் ஒருவனும் தனியரசனாக இல்லாததால்தான் பட்டம் அங்கே போனது என்பது என் கருத்து. கோடீஸ் விஷ்ஷின் பெருமையை நான் குறைக்கவில்லை. அந்தப் பிரிவின் நிலையைச் சொல்கிறேன்.

எடை விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிக் கிண்டிக்குப் போகும் வழியெல்லாம், கல்மண்டபத்துக்காரர்கள் நாங்கள் ரேஸ் புக்கை விரித்துவைத்துக்கொண்டு பேசியது பெரும்பாலும் இதைத்தான். ஹேண்டிகேப் பந்தயத்தில் மிகச் சிறந்த குதிரைக்கு மேல் எடை. மற்றவர்களுக்கு அவனிலிருந்து கீழ்நோக்கி எடை இறங்கும். மேல் எடைக்காரன் விலகிவிட்டால் அடுத்தவன் மேலே ஏறுகிறான். எல்லோருடைய எடையும் சேர்ந்து உயர்கிறது. 54 கிலோவோடு ஓடிப் பழகிய குதிரை 60 கிலோவைச் சுமக்கிறான். குதிரைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் மாறவில்லை, ஆகையால் நியாயம் மாறவில்லை என்று புத்தகத்தைப் பார்ப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் தரையில் மோதும் ஒவ்வோர் அடியிலும் அந்தக் கூடுதல் எடையைத் தாங்குவது முன்காலின் கணுக்கால் மூட்டும் அதன் பின்னால் ஓடும் தசைநாரும். அமெரிக்காவில் இன்று பெரிய பந்தயங்கள் பலவும் ஹேண்டிகேப்பாக இல்லை என்பது தெரியும். இருந்தாலும் உன் குதிரையைப் போன்றவர்கள் வெற்றி தேடிப் போவது பெரும்பாலும் மீதமிருக்கும் ஹேண்டிகேப்புகளைத்தான்.

இதில் ஃபோர்கோ என்ற குதிரையின் கதையை உன் உரிமையாளர் கட்டாயம் எடுத்துச் சொல்வார். எடுத்துச் சொல்லத் தகுந்த கதைதான். 1973இல் செக்ரட்டேரியட் மூன்று கிரீடப் பந்தயங்களையும் வென்றபோது, கென்டக்கி டெர்பியில் நான்காவதாக வந்தவன் ஃபோர்கோ. செக்ரட்டேரியட்டை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே பங்கு ஒன்று 1 லட்சத்து 90 ஆயிரம் டாலர் வீதம் 32 பங்குகளாகப் பிரித்துவிட்டார்கள். மூன்று வயதோடு ஓட்டம் முடிய வேண்டும் என்பது நிபந்தனை. சாம்பியன் போனான், காயடிக்கப்பட்டதால் பண்ணையில் இடமில்லாத ஃபோர்கோ களத்திலேயே இருந்தான். 1974, 1975, 1976 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்த நாட்டின் சிறந்த குதிரை அவன்தான். 1976 மார்ல்பரோ கோப்பையில் 137 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 62 கிலோ, சுமந்துகொண்டு, சேறாகிக் கிடந்த தடத்தில் வெளிப்பக்கமாக வந்து, 119 பவுண்டு மட்டுமே சுமந்த ஹானஸ்ட் பிளெஷரைக் கடைசி எட்டுகளில் ஒரு தலை தூரத்தில் வென்றான். சாம்பியன் விட்டுச்சென்ற இடத்தை ஒரு மூத்த குதிரை இவ்வளவு முழுமையாக நிரப்பியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் அவரிடம் சொல். ஃபோர்கோவின் கால்கள் எந்த நாளும் நல்ல கால்களாக இருந்ததில்லை. பெரிய உடம்பு, நோகும் கணுக்கால். நாள்தோறும் நெடுநேரம் குளிர்ந்த நீரைப் பாய்ச்சிப் பாய்ச்சித்தான் அவனை நிற்கவைத்தார்கள். அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் காலைப் பார்த்துப் பந்தயத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எட்டு வயதில், 1978இல், தோல்விக்குப் பிறகு நீட்டிக்காமல் நிறுத்தினார்கள். அதனால்தான் அவன் 1997 வரை உயிரோடு இருந்தான். கென்டக்கி குதிரைப் பூங்காவில் அவன் புதைக்கப்பட்ட இடம் உன் வீட்டிலிருந்து தூரமில்லை. ஒரு ஞாயிறு மாப்பிள்ளையோடு போய்ப் பார்த்துவிட்டு வா.

கிண்டி லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொண்ட புளியந்தோப்பு நண்பர் ஒருவரை உனக்கு நினைவிருக்கும். காலை ஓட்டம் முடிந்து, குதிரையைக் கழுவி, உடம்பு உலர்ந்த பிறகு அவர் முன்காலின் அருகே குந்தி உட்காருவார். புறங்கையை முழங்காலுக்குக் கீழே வைத்து மெல்ல இறக்குவார். பிறகு மற்ற காலில் அதே இடத்தில் அதே வேகத்தில் இறக்குவார். மறுபடியும் முதல் காலுக்கு வருவார். ஒரு நாள் அவர் கை ஓரிடத்தில் நின்றது. அன்று அந்தக் குதிரைக்கு வாய்ப்பு பிரமாதம்; பயமுறுத்திக்கொண்டிருந்த ஃபேவரிட் விலகியிருந்தான். "சார், இந்த எடத்துல சூடு இருக்கு, சனிக்கிழமை வேணாம் சார்" என்று பயிற்சியாளரிடம் சொன்னார். ஃபேவரிட் இல்லை என்பது அவர் கைக்குத் தெரியாது. சூடு மட்டும்தான் தெரியும். பயிற்சியாளர் அவர் சொல்லைக் கேட்டுக் குதிரையை நிறுத்திக்கொண்டார். இதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வேப்பேரிக் கல்லூரியில் உன்னைச் சேர்க்க நான் ஆசைப்பட்டதற்கு அந்தக் கையும் ஒரு காரணம்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். சென்ற ஆண்டு எடுத்த ஸ்கேன் படங்களையும் இப்போது எடுப்பவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு முன்கால்களையும் ஒப்பிட்டு எழுத்தில் கொடு. தசைநாரில் மாற்றம் இருந்தால், ஜனவரிப் பந்தயம் எவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும் கூடாது என்று எழுது. கால் சுத்தமாக இருந்தால் ஓடட்டும். ஏழு வயதில் ஓடி மகிழ்கிற குதிரையை வயதைக் காட்டி நிறுத்துவது எனக்கும் பிடிக்காது. அப்போதும் வசந்தகாலப் பந்தயங்களைக் குறிவைத்து, இளையவர்கள் வளர்ந்துவரும் ஆகஸ்டுக்குள் அவனுக்கு நீண்ட ஓய்வு ஒன்று கொடுக்கச் சொல். நடுவில் உரிமையாளர் உன்னை அவசரப்படுத்தினால், பந்தயத்தின் நிலவரத்தைச் சொல்வது பயிற்சியாளரின் வேலை, காலின் நிலவரத்தைச் சொல்வது உன் வேலை என்று மரியாதையாகச் சொல்லிவிடு. அதனால் அந்த ஒரு வாடிக்கையாளர் உன்னைவிட்டுப் போனாலும் போகட்டும்.

ஸ்கேன் முடிவு வந்ததும், இரவு எந்த நேரமானாலும் பரவாயில்லை, எனக்குச் சொல். உன் பிறந்தநாளுக்கு அம்மா ஒரு புடவை எடுத்துவைத்திருக்கிறாள். அடுத்த மாதம் அங்கே வரும் எதிர்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா