பழைய துணியில் புதிய ஆடை: பிரிப்பதற்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் பழைய ஆடைகளைப் பிரித்துப் புதிய ஆடை தைத்து, சொந்தப் பெயரில் விற்கும் வடிவமைப்பாளர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். அவர்களின் கற்பனைத் திறனை நன்றாக எடுத்துக்காட்டியிருந்தீர்கள். ஆனால் இந்தத் தொழில் நிலைக்குமா நொடிக்குமா என்பது, துணியைத் தரம் பிரிக்கும் மேசையிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்தப் பகுதி கட்டுரையில் இல்லை. அதைப் படித்து இத்துறைக்கு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

ஒரே ஒரு ஜாக்கெட்டை அழகாகத் தைக்க நல்ல தையற்காரர் யாராலும் முடியும். அதையே நாற்பது பேருக்கு, நான்கு அளவுகளில் கொடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. லண்டன் வடிவமைப்பாளர் கிறிஸ்டோபர் ரேபர்ன் ராணுவத்தில் கழித்த பாராசூட் துணியை எடுத்துக்கொண்டார். எஸ்டோனியாவின் ரேத் ஆவுஸ், ஆடை ஆலைகளில் வெட்டியது போக மிஞ்சும் துணியை எடுத்துக்கொண்டார். இரண்டுமே ஒரே தரத்தில் மொத்தமாகக் கிடைப்பவை. ஒரு பேட்டர்ன் (வெட்டுவதற்கான மாதிரி வரைவு) போட்டால் திரும்பத் திரும்ப வெட்டலாம். கலவையான பழந்துணி மூட்டையில் அந்த வசதி கிடையாது. எனவே தொடங்கும்போது ஒரே வகை ஆடையோடு நிற்பது நல்லது. ஆண்களின் ஜீன்ஸ் அதற்கு ஏற்றது. அதைப் பிரித்து ஜாக்கெட் தைப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஜீன்ஸில் பேட்டர்னை முதலில் வரையக் கூடாது; துண்டை முதலில் அளக்க வேண்டும். ஒரு ஜீன்ஸில் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு கால் துண்டுகள். பாதத்தருகே கால் குறுகுவதால், தையலை ஒட்டி வெட்டிய பிறகு 16 செ.மீ. அகலம் தேறினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையலுக்கு இருபுறமும் 1 செ.மீ. போக 14 நிற்கும். அப்படி எட்டுத் துண்டுகளைச் சேர்த்தால் மார்புச் சுற்று 112 செ.மீ.; இடுப்பு வரை வரும் ஜாக்கெட்டுக்கு அது சரியாக வரும். முழங்கால் தேய்வது முன்துண்டில்தான் என்பதால், ஜாக்கெட்டின் உடம்புப் பகுதிக்குப் பின்துண்டுகளையே எடுக்க வேண்டும். நான்கு ஜீன்ஸில் பின்துண்டு எட்டு, கணக்கு முடிந்தது. முன்துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நீலம் தேய்ந்து வெள்ளை இழை தெரியும் இடத்தைக் கழித்துவிட்டு, முழங்கைக்கு வரும் இடத்தில் இணைத்துக் கைகளுக்கு வைக்கலாம். கைக்கு மூன்று வீதம் ஆறு போக, மிஞ்சும் இரண்டில் காலரும் கைப்பட்டியும் தேறும்.

அளவு மாறும்போது எட்டையும் மாற்றத் தேவையில்லை. பக்கவாட்டில் வரும் இரண்டு துண்டுகளில் தலா 2 செ.மீ. கூட்டினாலோ குறைத்தாலோ சுற்றளவு 4 செ.மீ. மாறும், கைக்குழி வளைவை அதற்கேற்பத் திருத்தினால் போதும். அகலக் கால் ஜீன்ஸ் வரும்போதெல்லாம் அதை இந்தப் பக்கத் துண்டுகளுக்கென்று ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

இப்படித் தைக்கும் ஆடைகள் பல கெட்டுப்போவது லைக்ரா என்னும் இழுபடும் இழையால். இழுபடும் டெனிமையும் இழுபடாத டெனிமையும் சேர்த்துத் தைத்தால் தைத்த அன்று நன்றாகத்தான் இருக்கும். துவைத்ததும் ஒன்று சுருங்கி, தையல் முழுக்கச் சுருக்கம் விழும். குறுக்குவாட்டில் 10 செ.மீ. குறித்து இழுத்துப் பாருங்கள். 11-ஐத் தாண்டினால் தனிக் குவியல். எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே 40 டிகிரியில் துவைத்துவிட வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாகத் தேய்த்து, நீலம் ஒட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒட்டினால் வெளிர் நிற லைனிங் (உட்புறத் துணி) போடவே கூடாது. டெனிமின் சாய்வு நெசவில் கால் முறுக்கிக்கொள்ளும் என்பதால் பக்கத் தையலை நம்பாமல், ஓர் இழையை உருவி, இழை ஓடும் நேர்வாட்டைக் கண்டுபிடியுங்கள்.

சட்டப் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 ஒழுங்குமுறை, நாரின் பெயரையும் சதவீதத்தையும் விற்கும் நாட்டின் மொழியில் லேபிளில் கேட்கிறது. பிரிக்கும்போது உள்ளிருக்கும் பழைய லேபிளைத் தூக்கிப் போட்டால் அந்த விவரம் போய்விடும். துண்டோடு சேர்த்து ஊசி குத்தி வையுங்கள். அமெரிக்காவில், கலவையைக் கண்டறியவே முடியாத துண்டுத் துணி என்றால் அப்படியே லேபிளில் எழுத விதி இடம் தருகிறது. இரண்டாவது, வணிகச் சின்னம். லீவைஸ் ஜீன்ஸின் பின்பாக்கெட்டில் உள்ள வளைந்த இரட்டைத் தையலே 1943 முதல் பதிவு பெற்ற சின்னம். நூலைப் பிரித்தாலும் அந்த வளைவு வெளுக்காத கருநீலக் கோடாகத் துணியில் தெரியும். பாக்கெட்டைப் புரட்டித் தைக்கலாம், அல்லது கழித்துவிடலாம்.

விலை போடும்போது துணி மலிவு என்று நினைப்பதுதான் ஆபத்து. 20 கிலோ மூட்டையில் 8 கிலோதான் தேறியது என்றால், கிலோ விலை இரண்டரை மடங்கு. அதன்மேல் பிரித்தல், துவைத்தல், இஸ்திரி நேரம் எல்லாம் கூலி. சங்கிலித் தையலாக இருந்தால் முடியும் நுனியைப் பிடித்து அடிப்பக்க நூலை இழுத்ததும் முழு நீளமும் உருவிக்கொண்டு வரும்; சாதாரணத் தையலை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். நேரமில்லாத இடத்தில் தையலை ஒட்டி வெட்டிவிடுவதே லாபம்.

சரக்குக்குப் பஞ்சமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பழந்துணியைத் தனியாகச் சேகரிப்பது 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம். விற்காத ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு 2026 ஜூலை 19 முதல் தடை. தரம் பிரிக்கத் தெரிந்த கைகளுக்குத்தான் பஞ்சம்.

அடுத்த முறை இப்படியொரு வடிவமைப்பாளரைப் பேட்டி காணும்போது, ஓர் ஆடைக்குப் பிரிக்கவும் துவைக்கவும் எத்தனை மணி நேரம் ஆகிறது, மூட்டையில் எத்தனை கிலோ கழிகிறது என்ற இரண்டையும் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆடை வெட்டும் தைக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்